மகளின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன்

2015ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில் ஓர் இரவு, என் மகள் ஒரே கேள்வியை எத்தனை முறை கேட்கிறாள் என்பதைப் பழைய கொப்பியொன்றின் பின்பக்கத்தில் கோடு கீறி எண்ணிப் பார்த்தேன். மாலையில் சாமி விளக்கேற்றிய நேரத்திலிருந்து பத்தரை மணிக்கு அவள் அறைக்குள் போகும்வரை 42 கோடுகள் விழுந்திருந்தன. "அப்பா, தம்பியின்ரை தண்ணிப் போத்திலை வடிவாக் கழுவினனான்தானே?" என்பதே அந்தக் கேள்வி. "ஓம் பிள்ளை, வடிவாக் கழுவினனீ, நான் பாத்துக்கொண்டுதானே நிண்டனான்" என்று 42 முறையும் நான் பதில் சொல்லியிருந்தேன். நான் கணித ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு கேள்விக்குச் சரியான விடை கிடைத்துவிட்டால் அந்தக் கேள்வி முடிந்துவிடும் என்று வாழ்நாள் முழுவதும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவன். சரியான விடையைச் சொல்லச் சொல்லவே வளர்ந்துகொண்டு போகும் ஒரு கேள்வி என் வீட்டுக்குள்ளேயே இருந்ததை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது.

ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோய் எங்கள் வீட்டுக்குள் இருந்த கதை இது. மகளின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். எழுதியதை அவளுக்கு வாசிக்கக் கொடுத்தேன். இரண்டு இடங்களை நீக்கச் சொன்னாள், நீக்கிவிட்டேன். எங்களைப் போல இன்னொரு வீட்டில், அன்பு மிகுதியால் தாயும் தகப்பனும் இரவிரவாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் அவர்களுக்கு இது சீக்கிரம் எட்ட வேண்டும் என்பதே என் விருப்பம்.

யாழ்ப்பாணத்தில் நம்பியிருக்க ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லின் அடியில் தேங்கும் மழைநீரைத்தான் கிணற்றிலிருந்து இறைத்துக் குடிக்கிறோம். 2014ஆம் ஆண்டின் கடைசியிலும் 2015ஆம் ஆண்டின் தொடக்கத்திலும், சுன்னாகம் மின்நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்திருக்கிறது என்ற செய்தி குடாநாடு முழுவதையும் கலக்கியது. பவுசர்களில் குடிநீர் வந்தது. சந்திகளில் தாங்கிகள் வைக்கப்பட்டன, சனங்கள் குடங்களோடும் கலன்களோடும் வரிசையில் நின்றார்கள். எங்கள் வீடு இணுவில் பக்கம். எங்கள் கிணற்று நீரையும் பரிசோதிக்கக் கொடுத்தோம், அதில் எண்ணெய் இல்லை என்று முடிவு வந்தது. மகளுக்கு அப்போது வயது 19. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருந்த காலம் அது.

அந்த நேரத்தில் பயப்படாதவர் ஒருவரும் இல்லை, ஆகவே அவளுடைய பயமும் ஊரின் பயத்துக்குள் கலந்து மறைந்துவிட்டது. வித்தியாசம் பிறகுதான் தெரிந்தது. பரிசோதனை முடிவு வந்ததும் நாங்கள் அந்தக் கடதாசியை ஒருமுறை வாசித்துவிட்டு வழமைக்குத் திரும்பினோம். அவள் அதைத் தலையணைக்குக் கீழே வைத்து நாளுக்குப் பலமுறை எடுத்து வாசித்தாள். எடுத்த மாதிரி வேறு கிணற்றுடையதாக இருக்குமோ, போத்தலை மாற்றி எழுதியிருப்பார்களோ, அன்றைக்கு இல்லாத எண்ணெய் இன்றைக்கு வந்திருக்குமோ என்று ஒவ்வொரு வாசிப்பிலும் புதிய சந்தேகம் பிறந்தது. இந்தக் கிணற்றுச் சம்பவம்தான் நோயை உண்டாக்கியது என்று நான் சொல்ல வரவில்லை. இந்த நோய்க்குப் பரம்பரையும் மூளையின் இயக்கமும் வாழ்க்கை நெருக்கடிகளும் சேர்ந்து காரணமாகின்றன என்று பிறகு எங்களுக்கு விளக்கப்பட்டது. ஒரே தண்ணீரைக் குடித்து ஒரே செய்தியைக் கேட்ட ஆயிரக்கணக்கானோருக்கு இது வரவில்லை. அவளிடம் முன்பே இருந்த ஏதோ ஒன்றுக்கு அந்தச் சம்பவம் ஓர் உருவம் கொடுத்தது, அவ்வளவுதான்.

சித்திரை மாதமளவில், தம்பியின் பாடசாலைத் தண்ணீர்ப் போத்தலைக் கழுவுவதற்கு அவளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தேவைப்பட்டது. முதலில் கையைக் கழுவ வேண்டும், பிறகு குழாயைக் கழுவ வேண்டும், குழாயைத் தொட்ட கையை மறுபடியும் கழுவ வேண்டும், பிறகுதான் போத்தல். நடுவில் ஒரு சிந்தனை குறுக்கிட்டாலோ நாங்கள் கூப்பிட்டாலோ எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். வீட்டில் மாதத்துக்கு நான்கு சவர்க்காரம் போதுமாக இருந்த நிலை மாறி, கிழமைக்கு ஆறு ஏழு கட்டிகள் முடிந்தன. விரல் இடுக்குகள் வெடித்து இரத்தம் கசிந்தது. சோற்றைக் குழைக்கும்போது உப்பும் புளியும் பட்டு எரியும் என்பதால் கரண்டியால் சாப்பிடத் தொடங்கினாள்.

இதற்கெல்லாம் நாங்கள் என்ன செய்தோம் என்பதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். நாங்கள் உதவி செய்தோம். சந்தையிலிருந்து வந்தால் கிணற்றடியில் உடுப்பு மாற்றிவிட்டு வீட்டுக்குள் வரும்படி கேட்டாள், மாற்றினோம். தனக்கென்று தனி வாளி வேண்டுமென்றாள், வாங்கிக் கொடுத்தோம். தாய் சமைக்கும்போது அடுப்படி வாசலில் நின்று, "அம்மா, இப்ப எதைத் தொட்டனீங்கள்? கையைக் கழுவுங்கோ" என்றாள். மனைவி வெங்காயம் வெட்டும் கையோடு எழுந்து போய்க் கழுவினாள். குடிக்க மட்டும் வெளியிலிருந்து தண்ணீர் வாங்கினோம், பிறகு சமைக்கவும் அதையே பாவித்தோம். பதினொரு வயது மகன் அக்காவின் கதிரையில் இருக்கக் கூடாது, அக்காவின் துவாயைத் தொடக் கூடாது என்ற சட்டங்களைப் பழகிக்கொண்டான். ஒவ்வொரு முறையும் அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். அந்த நிம்மதியைப் பார்ப்பதற்காக எதையும் செய்யலாம் என்று தோன்றும். அது அரை மணித்தியாலம்கூட நிற்காது. அடுத்த தடவை அதே நிம்மதிக்கு முன்னையதைவிடக் கூடுதலாக ஏதாவது செய்ய வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்தவர்களுக்கு இது நோயாகத் தெரியவில்லை. எங்கள் ஊரில் ஆசாரமும் சுத்தபத்தமும் ஒரு பெண்பிள்ளைக்குப் பெருமை. துடக்கு, தீட்டு, மடி என்று வாழ்ந்த பாட்டிமாரைப் பார்த்து வளர்ந்த உறவுக்காரர்கள், "இந்தக் காலத்திலை இப்பிடி ஒரு பிள்ளையோ" என்று மெச்சினார்கள். என் தாயாரும் இரவில் கதவுத் தாழ்ப்பாளை மூன்று முறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுப்பார். அது வெறும் பழக்கமாக இருந்ததா, அதற்குள்ளும் ஒரு துன்பம் இருந்ததா என்று கேட்டறிய இப்போது அவர் இல்லை. சுத்தத்தை விரும்பும் மனிதர் கழுவி முடித்ததும் திருப்தி அடைகிறார். என் மகள் கழுவும்போது அழுதுகொண்டு கழுவினாள். அவளுக்கு அதில் விருப்பம் இருக்கவில்லை, அது தேவையற்றது என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. அப்படித் தெரிந்திருந்தும் நிறுத்த முடியாமல் இருந்ததுதான் அவளுடைய வேதனை.

நேர்த்தி வைத்தோம், நூல் கட்டினோம். மனைவி வெள்ளிக்கிழமைகளில் விரதமிருந்தாள். அவை எங்களுக்குத் தைரியம் தந்தன, ஆனால் அவளுக்கு வேறொரு சுமையைக் கொடுத்ததை நாங்கள் அறியவில்லை. ஒரு தனியார் வைத்தியர், படிப்பு முடிந்த வெறுமைதான் இது, கலியாணம் கட்டினால் சரியாகிவிடும் என்றார். அந்த வார்த்தையில் ஆறுதல் கண்டு இன்னும் ஏழு மாதங்களை இழந்தோம் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கடைசியில் வழி திறந்தது கைத்தோல் காரணமாகத்தான். 2016 மாசியில் வெடிப்புகள் சீழ் பிடித்து, தோல் வைத்தியரிடம் போனோம். அவர் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மருந்துத் துண்டு எழுதுவதற்கு முன், "ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் தண்ணிக்குள்ளை நிக்கிறீங்கள், பிள்ளை?" என்று மெதுவாகக் கேட்டார். மகள் பதில் சொல்லவில்லை, கண்ணீர்தான் வந்தது. அரச வைத்தியசாலையின் மனநலக் கிளினிக்குக்கு அவர் ஒரு கடிதம் தந்தார். அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்தபோது, தெரிந்தவர் யாராவது அதைக் கண்டுவிடுவார்களோ என்று நான் பயந்தேன். மகளின் கையைவிட ஊரின் வாயைப் பற்றி நான் அதிகம் யோசித்த அந்த ஒரு மணித்தியாலத்தை மறைக்காமல் இங்கே எழுதுவதே நியாயம்.

மனநல வைத்தியர் இதை எண்ணச் சுழற்சி நோய் என்றார்; ஆங்கில எழுத்துகளில் ஓ.சி.டி. என்று சொல்லப்படுவது. விருப்பமின்றி மீண்டும் மீண்டும் மனத்துக்குள் நுழைந்து பதற்றத்தை உண்டாக்கும் எண்ணம் ஒரு பாதி. அந்தப் பதற்றத்தைத் தணிக்கச் செய்தே ஆக வேண்டும் என்று தோன்றும் செயல் மறுபாதி. அந்தச் செயல் கழுவுதலாக இருக்கலாம், பூட்டைச் சரிபார்த்தலாக இருக்கலாம், எண்ணுதல், அடுக்குதல், மனத்துக்குள்ளேயே ஒரு வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லுதல், மற்றவரிடம் உறுதி கேட்டல் ஆகிய எதுவாகவும் இருக்கலாம். இவை நாளொன்றில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்துக்கொண்டால், அல்லது படிப்பையும் வேலையையும் உறவையும் குலைத்தால், அதை நோயாகக் கொள்கிறார்கள். நூறு பேரில் ஒருவருக்கு மேல் தம் வாழ்நாளில் இதற்கு ஆளாகிறார்கள் என்றும், பெரும்பாலும் சிறுவயதிலோ இருபது வயதையொட்டியோ இது தொடங்குகிறது என்றும் அவர் சொன்னபோது, எங்கள் ஒழுங்கையிலேயே இன்னொரு வீடு இருக்கக்கூடும் என்று நினைத்தேன். 40 புள்ளிகள் கொண்ட அளவுகோல் ஒன்றில் அவளுக்கு 29 வந்தது. 24உம் அதற்கு மேலும் கடுமையானது.

மூன்றாவது சந்திப்பில், எங்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு உளவளத்துணையாளர் அவளோடு தனியாகப் பேசினார். அதற்குப் பிறகுதான், அவளே அனுமதித்து, அந்த உண்மை எங்களுக்குச் சொல்லப்பட்டது. அவள் எண்ணெய்க்குப் பயப்படவில்லை, தனக்கே பயந்திருந்தாள். கவனக்குறைவால் தம்பியின் போத்தலில் நஞ்சு கலந்துவிடுவேனோ என்று தொடங்கிய எண்ணம், வேண்டுமென்றே கலந்துவிடுவேனோ, கலந்துவிட்டு மறந்துவிட்டேனோ என்று மாறியிருந்தது. தம்பிமேல் உயிரையே வைத்திருந்த பிள்ளை அவள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் காலையில் தவறாமல் போய்வந்தவள், முந்திய வருடம் போகாமல் இருந்ததற்கும் காரணம் அன்றுதான் தெரிந்தது. முருகனின் வேலாயுதத்தைப் பார்த்துக் கும்பிடும் நேரத்தில் வாயால் சொல்ல முடியாத அசிங்கமான எண்ணங்கள் வந்தனவாம். நாங்கள் நூல் கட்டியபோதும் விரதமிருந்தபோதும், தான் பாவி என்பதற்கு அவளுக்கு இன்னுமொரு சாட்சி கிடைத்திருக்கிறது. ஒரு வருடத்துக்கு மேலாக இவ்வளவையும் தனியாகச் சுமந்துகொண்டு எங்கள் நடுவில் இருந்திருக்கிறாள்.

பெற்றோர் ஒவ்வொருவரும் இந்த இடத்தில் நிதானமாக இருக்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்கிறேன். இத்தகைய எண்ணம் வருவதால் அவர் அதைச் செய்யக்கூடியவர் என்று பொருளில்லை. எதை ஒருவர் ஆகவும் வெறுக்கிறாரோ, எதை ஆகவும் நேசிக்கிறாரோ, அதைத் தேடிப்பிடித்துத்தான் இந்த நோய் தாக்குகிறது. 1978ஆம் ஆண்டில் ரக்மன் என்ற உளவியலாளரும், எங்கள் இலங்கையிலேயே பிறந்து லண்டனில் பணியாற்றிய பத்மல் டி சில்வாவும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வொன்றைத் துணையாளர் எடுத்துக் காட்டினார். நோயில்லாத சாதாரண மனிதரில் மிகப் பெரும்பாலானோருக்கும் இதே வகையான வேண்டாத எண்ணங்கள் வந்து போகின்றன என்பது அதன் முடிவு. வேறுபாடு எண்ணத்தில் இல்லை. மற்றவர்கள் அதைத் தட்டிவிட்டு நடக்கிறார்கள், நோயுள்ளவர் அதற்குப் பொருள் தேடி அதனோடு போராடுகிறார். கிணற்றடியில் யாராவது குனியும்போது அவரைத் தள்ளிவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றி மறைந்த எண்ணம் எனக்கும் ஒரு காலத்தில் வந்ததுண்டு. அன்றிரவு அதை மகளிடம் சொன்னேன். அவள் என்னை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இனி என் பதில்களுக்கு வருகிறேன். போத்தலில் நஞ்சிருக்க வாய்ப்பு எவ்வளவு சிறியது என்பதை நான் நிகழ்தகவுக் கணக்குப் போட்டே அவளுக்குக் காட்டியிருக்கிறேன். அவளும் கணக்கைச் சரியென்று ஒப்புக்கொண்டு, அப்படியானால் அந்தப் பூச்சியத்துக்கும் மேலே இருக்கிற மிச்சம் என்ன என்று கேட்டாள். இந்த நோய் கேட்பது நூற்றுக்கு நூறு நிச்சயம். அது உலகத்தில் எதற்கும் கிடையாது. நான் ஒவ்வொரு முறையும் பதில் சொன்னபோது, பதற்றம் உடனே இறங்கியது. அப்படி இறங்கியதாலேயே, கேள்வி கேட்டால்தான் ஆபத்து நீங்கும் என்று அவளுடைய மூளை கற்றுக்கொண்டது. கழுவுவதும் என்னிடம் கேட்பதும் ஒரே வேலையைத்தான் செய்தன. ஆகவே 42 முறையும் நான் அவளோடு சேர்ந்து கைகழுவிக்கொண்டிருந்தேன். துணையாளர் இதை விளக்கியபோது மனைவி, "அப்ப நாங்கள்தானோ பிள்ளைக்கு நோயை வளத்து விட்டது?" என்று கேட்டாள். "நோயை நீங்கள் தரேல்லை அம்மா. அதுக்குத் தெரியாமல் சாப்பாடு குடுத்திருக்கிறீங்கள். இந்த நோயுள்ள அனேகமான வீடுகளிலை இதுதான் நடக்குது" என்றார் அவர். குற்றம் சாட்டாமல் சொல்லப்பட்டதால்தான் எங்களால் அதை ஏற்க முடிந்தது.

ஆனால் ஏற்றுக்கொண்ட வேகத்தில் நான் பெரிய தவறொன்றைச் செய்தேன். வீட்டுக்கு வந்த அன்றே, மகளிடம் கேட்காமல், எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தினேன். சவர்க்காரங்களை எடுத்து அலுமாரிக்குள் பூட்டினேன். மோட்டர் ஆளியை நிறுத்தினேன். கேள்வி கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அன்றிரவு அவள் மண்ணாலும் சாம்பலாலும் கையைத் தேய்த்துக் கழுவினாள். இரண்டு நாட்கள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மூன்றாம் நாள், தான் இருப்பதால்தான் எல்லாருக்கும் கரைச்சல் என்றாள். அந்தச் சொல்லைக் கேட்டதும் நாங்கள் அவளைக் கூட்டிக்கொண்டு உடனே கிளினிக்குக்குப் போனோம். உதவியைக் குறைப்பது மருத்துவம்தான். ஆனால் நோயுள்ளவர் தானே சம்மதித்து, எதை, எப்போது, எவ்வளவு என்று தானே தெரிவுசெய்யாமல் குறைத்தால் அது வதையாகிவிடும். அந்த மூன்று நாட்களுக்காகப் பிறகு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். தகப்பன்மார் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் எங்களிடம் குறைவு. கேட்டபோது அவள் என் கையைத் தொட்டாள், தொட்டுவிட்டுக் கழுவவில்லை. சிகிச்சையின் முதல் படி அதுதானோ என்று நான் நினைப்பதுண்டு.

முறையான சிகிச்சை ஓர் ஏணியைப் போன்றது. அவளைப் பயமுறுத்தும் செயல்களை அவளே எழுதி, ஒவ்வொன்றுக்கும் நூறுக்கு எத்தனை பயம் என்று புள்ளியிட்டாள். கிணற்றுக் கப்பியின் கயிற்றைத் தொட்டுவிட்டுப் பத்து நிமிடம் கழுவாமல் இருப்பது 30. சந்தையால் வந்த தாயின் பையை மடியில் வைப்பது 45. தம்பியின் போத்தலை ஒரே முறை கழுவி, நிரப்பி, அவன் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது 95. ஏணியின் அடியிலிருந்து தொடங்கி, பயத்தை வரவிட்டு, கழுவாமல், கேட்காமல், அது தானாக இறங்கும்வரை இருக்க வேண்டும். 1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்பவர் நோயாளிகள் இருவரிடம் இப்படிச் செய்து பார்த்து நலம் கண்டதிலிருந்து வளர்ந்த முறை இது. கயிற்றைத் தொட்ட முதல் நாள் அவளுடைய முகம் வெளிறி வியர்த்தது. மனைவி பார்க்க முடியாமல் உள்ளே போய்விட்டாள். நான் பக்கத்தில் நின்றேன். 25 நிமிடத்தில் பயம் பாதிக்கு இறங்கியது. நாலாம் நாள் அதே கயிறு அவளுக்கு வெறும் கயிறாகத் தெரிந்தது.

கேள்விகளுக்காக நாங்கள் நால்வரும் இருந்து ஓர் உடன்படிக்கை செய்துகொண்டோம். முதல் கிழமை ஒரே கேள்விக்கு நாளுக்குப் பத்துப் பதில்கள், அடுத்த கிழமை ஆறு, பிறகு மூன்று, ஒன்று, இல்லை. எண்ணிக்கை முடிந்த பிறகு கேட்டால் சொல்ல வேண்டிய வாக்கியத்தை அவளே எழுதித் தந்தாள்: "இது நோய் கேக்கிற கேள்வி, பிள்ளை. உனக்குக் கஷ்டமா இருக்கெண்டு எனக்கு விளங்குது. நான் இதிலைதான் இருக்கிறன்." இதில் மூன்று விடயங்கள் இருக்கின்றன. கேள்வியைக் கேட்பது அவள் இல்லை, நோய் என்று பிரித்துச் சொல்கிறது. துன்பத்தை ஒப்புக்கொள்கிறது. துணை விலகாது என்கிறது. "ஒண்டும் நடக்காது" என்ற சொல் அதில் இல்லை. அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் விடுவது எவ்வளவு கடினம் என்பது, பிள்ளை உதடு நடுங்க நிற்பதைப் பார்த்த தகப்பனுக்குத்தான் தெரியும். சில நாட்களில் நான் தோற்றுப்போய்ச் சொல்லிவிட்டேன். அப்படியான நாட்களில் துணையாளர் சொல்லித்தந்தது, அடுத்த கேள்வியிலிருந்து மறுபடி தொடங்குங்கள் என்பதே.

மருந்தும் கூடவே நடந்தது. மனச்சோர்வுக்குப் பாவிக்கும் குளிசை வகைகளில் ஒன்றான செற்றலின், குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டப்பட்டது. இந்த நோய்க்குப் பெரும்பாலும் மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடக் கூடிய அளவு தேவைப்படுகிறது, பலன் தெரியவும் எட்டுப் பன்னிரண்டு கிழமைகள் பிடிக்கும். முதல் இரண்டு கிழமைகள் வயிற்றுப் பிரட்டலும் நித்திரைக் குறைவும் இருந்தன, பலன் ஒன்றும் தெரியவில்லை. அந்தக் கட்டத்தில்தான் பல வீடுகளில் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். இந்தக் குளிசைகளுக்கு அடிமையாகிவிடுவார்கள் என்று எங்களுக்கும் பலர் சொன்னார்கள். அப்படி இல்லை என்று வைத்தியர் சொன்னார், ஆனால் சடுதியாக நிறுத்தினால் தலைச்சுற்றும் எரிச்சலும் வரும், ஆகவே கூட்டுவதும் குறைப்பதும் அவரிடம் கேட்டுத்தான்.

வழமையான கழுவல் எது, நோயின் கழுவல் எது என்ற குழப்பம் எங்களுக்கு நெடுநாள் இருந்தது. பெரியப்பாவின் செத்த வீட்டுக்குப் போய்வந்த அன்று அது முற்றிவிட்டது. செத்த வீட்டுக்குப் போனவர் முழுகத்தான் வேண்டும். அவளைத் தடுக்க முடியுமா? துணையாளரோடு பேசி ஓர் அளவை வைத்துக்கொண்டோம்: ஊரில் மற்றவர்கள் எத்தனை முறையோ அத்தனை முறை. எல்லாரும் ஒருமுறை முழுகினார்கள், அவளும் ஒருமுறை முழுகினாள். கோயிலுக்கும் இதே அளவுதான். சந்நிதியில் கெட்ட எண்ணம் வந்தால் பிராயச்சித்தமாகத் திரும்பவும் சுற்றக் கூடாது, எண்ணம் இருக்க இருக்கவே கும்பிட்டுவிட்டு வர வேண்டும். எங்கள் குடும்பக் கோயில் ஐயரிடம் இதைச் சொன்னபோது, மனம் அலைவது அடியாருக்கு இயல்பு, அலைந்தபடியே வரட்டும் என்றார். அந்த வார்த்தையை அவள் இன்னும் வைத்திருக்கிறாள்.

மகனை நாங்கள் மறந்துவிட்டிருந்தோம். அக்கா ஏன் அழுகிறாள் என்று அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை. தன்னில் ஏதோ அழுக்கு இருக்கிறது என்று அவன் நினைத்திருக்கிறான். நோயின் பெயரை அவனுக்குச் சொன்ன பிறகு, ஏணியின் உச்சிப் படிக்கு அவனே உதவியாளனானான். போத்தலை அக்காவிடம் நீட்டி, ஒரே முறை கழுவி நிரப்பிய தண்ணீரை முன்னால் நின்று மடமடவென்று குடித்துவிட்டு, விளையாடப் போனான். அன்று அவள் இரண்டு மணித்தியாலம் திண்ணையில் இருந்து ஒழுங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வியர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தான்.

2016 மார்கழியில், கிளினிக்கின் அந்த 40 புள்ளி அளவுகோலில் அவளுடைய புள்ளி 12க்கு இறங்கியது. அதற்குப் பிறகும் இறக்கமும் ஏற்றமும் உண்டு. 2020 பங்குனியில் ஊரடங்கு வந்து, நாடு முழுவதும் கையைக் கழுவுங்கள் என்று சொல்லத் தொடங்கியபோது, நான்கு வருடப் பயிற்சி கரைந்துவிடுமோ என்று பயந்தோம். சுகாதாரப் பிரிவு சொன்ன 20 விநாடியையே எல்லையாக வைத்து, அதற்கு ஒரு விநாடியும் கூட்டுவதில்லை என்று அவளே முடிவெடுத்தாள். 2022இன் பொருளாதார நெருக்கடியில் குளிசை கிடைக்கவில்லை. பெற்றோல் வரிசைகளுக்கு நடுவே சைக்கிளில் பாமசி பாமசியாகத் திரிந்தேன். அதன்பின் இரண்டு கிழமைக்கான குளிசை எப்போதும் கையிருப்பில் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறோம்.

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. அரச வைத்தியசாலை என்பதால் பணம் தேவையில்லை. எங்கே போவது என்று தெரியாவிட்டால், அல்லது இரவில் மனம் தாங்காவிட்டால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம். சாவைப் பற்றிய பேச்சு வந்தால் மறுநாள் கிளினிக் வரை காத்திருக்கவே கூடாது. கலியாணம் தடைப்படும் என்று சொல்லி மறைக்கச் சொன்ன உறவினர்களுக்கு, மறைத்த ஒரு வருடத்தில் அவளுடைய கைகள் எப்படி இருந்தன என்பதை நான் சொல்லிவிட்டேன்.

மகள் இப்போது வவுனியாவில் தங்கி வேலை பார்க்கிறாள். கிளினிக்குக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறாள், குளிசையின் அளவு குறைந்திருக்கிறது. போன கிழமை இரவு ஒன்பது மணிக்கு அழைத்தாள். அந்த நேரத்தில் அவள் வழமையாக அழைப்பதில்லை.

"அப்பா, உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும்."

"கேள், பிள்ளை."

சிறிது நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

"இல்லையப்பா, வேண்டாம். நீங்கள் சாப்பிட்டீங்களோ?"

"ஓம், புட்டு" என்றேன்.